அருள்பாண்டி ஏன் விலகினார்?

“ஒரு விடுகதை போடுறேன். விடை சொல்லுங்க பார்ப்போம்” என்றார் அருள்பாண்டி. “ஒரே ஆளு. சந்தையில கேட்டா, சபை ஜீப்பைத் திருடி வித்தவன். பஸ் ஸ்டாண்டுல கேட்டா, மலையில ஒரு பொம்பளையை வச்சிருக்கிறவன். இந்தத் தெருவுல கேட்டா, நாளைக்கே தொப்பி போட்டுக்கப் போறவன். யாரு அவன்?”

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சுருளிவேல் மட்டும் சிரிக்கவில்லை. எதிரே இருந்த சபையில் அவர் கமிட்டிக்காரர்.

“இதென்ன பெரிய விடுகதை? நீதாம்ப்பா.”

“சரியாச் சொன்னீங்கண்ணே. பரப்பினவருக்குத் தெரியாமலா இருக்கும்?”

அருள்பாண்டி போடிமெட்டுக்கு மேலே, ஏலத் தோட்டங்களில் பல வருடம் மிஷனரியாக இருந்தவர். போன மழைக்காலத்தில் ஊழியத்தை விட்டார். கிறிஸ்தவத்தையும் விட்டார். அதற்குப் பிறகு இந்தத் தெருப்பக்கமே வராதவர், இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சபைக்கு நேர் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்” என்றார் சுருளிவேல். “உள்ளே வந்து எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு. சேர்த்துக்குறோம்.”

“மன்னிப்பா? நானா? அந்த ஜீப்பு மலையடிவாரத்துல, முந்தல் ஷெட்டுல தார்ப்பாய் போட்டு நிக்குது. போய்ப் பாருங்க. பொம்பளை விசயம் என் பொண்டாட்டி ராமுத்தாய்கிட்டக் கேளுங்க. சிலமலையில வீட்டுலதான் இருக்கா. அடி வாங்காமத் திரும்பி வந்தா உங்க அதிர்ஷ்டம்.”

“தொப்பி?” என்றது ஒரு குரல்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த ராஜா முகம்மது நிமிர்ந்தார். “என் கடையில டீ குடிச்சாத் தொப்பின்னா, போடியில பாதிப் பேருக்கு நான் தொப்பி தைக்கணும். எனக்கு வேற சோலி இல்லையா?”

மறுபடியும் சிரிப்பு.

பைபிளும் கையுமாகச் சபைக்கு வந்த மகாராணி, அருள்பாண்டியைப் பார்த்ததும் நின்றார். சபையின் சண்டே கிளாஸ் டீச்சர் அவர்தான்.

“அது பொய், இது பொய்னு சொல்றீங்க தம்பி. நிசம் என்ன? ஏன் விட்டீங்க?”

அருள்பாண்டி கிளாஸைக் கீழே வைத்தார்.

“சொல்றேங்க்கா. போன மழையில, தோட்டத்துல ஏலக்காய் எடுத்துட்டு இருந்த ஒரு பொம்பளை மேல மரம் சாஞ்சிருச்சு. அங்கேயே முடிஞ்சுபோச்சு. புருசன் ஏற்கெனவே இல்ல. ஒரே ஒரு பொண்ணு. ‘எங்க அம்மா இப்ப எங்க இருக்கு?’ன்னு அந்தப் பிள்ளை என்கிட்ட வந்து கேட்டுச்சு.”

ராஜா முகம்மது அடுப்பைத் தணித்தார். அருள்பாண்டி தொடர்ந்தார்.

“எங்க ஊழியத் தலைவரும் பக்கத்துல இருந்தாரு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘ஞானஸ்நானம் எடுக்காத பொம்பளை. நரகத்துலதான் இருக்கான்னு சொல்லு. பயந்துபோய் தோட்டத்து லயன் வீடுகள்ல இருக்கிற அத்தனை குடும்பமும் சபைக்கு வரும்’னாரு. சொல்ல மாட்டேன்னேன். ‘சத்தியத்தைச் சொல்லக் கூசுறவனுக்கு எதுக்கு ஊழியம்?’னாரு. ஜீப்புச் சாவியை அவரு கையில குடுத்துட்டு எறங்கி வந்துட்டேன்.”

“சரி, ஊழியத்தை விட்டே. விசுவாசத்தை எதுக்கு விட்டே?” சுருளிவேல் விடவில்லை.

“ஆத்தாளைப் பறிகொடுத்த பிள்ளை முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாத்தான் ஒரு சாமி சந்தோசப்படும்னா, அந்தச் சாமி எனக்கு வேண்டாம். எங்க சாமி அப்படி இல்லைன்னு நீங்க சொல்றதா இருந்தா, அதை அந்தத் தலைவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லி என்ன செய்ய?”

“பிள்ளைக்கு என்னதான் பதில் சொன்னீங்க?” மகாராணியின் குரல் இறங்கியிருந்தது.

“எனக்குத் தெரியாது ஆத்தான்னு சொன்னேன். எனக்கு நிசமாவே தெரியாதுக்கா.”

சுருளிவேல் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “அப்ப அந்தப் பிள்ளையையும் கெடுத்தாச்சு. இனி எங்க அதைச் சபை வாசலை மிதிக்க விடப்போறே!”

சபையில் மணி அடித்தது.

பக்கத்து வளையல் கடையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி ஓடி வந்து அருள்பாண்டியின் கையைப் பிடித்து இழுத்தாள். “மாமா, வெரசா வாங்க. மணி அடிச்சிட்டாங்க!”

“இதுதாண்ணே அந்தப் பிள்ளை. தமிழ்செல்வி. எங்க வீட்டுலதான் வளருது” என்றார் அருள்பாண்டி. “சபைக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. நான் விட்டது என் இஷ்டம். இது போறது அது இஷ்டம். அதான் கொண்டாந்து விட வந்தேன்.”

சுருளிவேல் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

மகாராணி சிறுமியின் தலையைத் தடவினார். “சபைக்கு எதுக்கு ஆத்தா வந்திருக்கே?”

“எங்க அம்மா எங்க இருக்குன்னு மாமாவுக்குத் தெரியாதாம். இங்க சண்டே கிளாஸ் டீச்சருக்கு எல்லாம் தெரியும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. அவங்ககிட்டக் கேட்கப் போறேன்.”

மகாராணி தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டார். சுருளிவேலைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். மகாராணி அருள்பாண்டியைப் பார்த்தார். அவர் பார்வையைத் திருப்பவில்லை.

“இன்னைக்கு வேண்டாம் கண்ணு” என்றார் மகாராணி அவசரமாக. “வா, நான் உனக்கு வளையல் வாங்கித் தர்றேன். கிளாசுக்கு அடுத்த வாரம் போவோம்.”

தமிழ்செல்வி வளையல் கடையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சபைக்குள் போனாள்.