தனியறையில் ஒரு சாட்சி

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று எந்தப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

"முதல்ல அந்தக் கூலிங்கிளாஸைக் கழட்டுங்க" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறக் கோட்டுக்காரர்.

பிரசங்கியார் கழற்றினார். ஒன்பது தேசங்களில் மைக் பிடித்தவர், பேய்களையே 'போடா வெளியே' என்று அதட்டிப் பழகியவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இது பத்தாவது தேசம். விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் இவருடைய படிவத்தில் 'தொழில்: ஊழியம்' என்று படித்துவிட்டு, இந்த அறையைக் கைகாட்டினாள். உள்ளே ஜன்னல் கிடையாது. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் மெத்தை போட்ட சுழல் நாற்காலி. அதில் கோட்டுக்காரர் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார்.

"வணக்கம் ஆபீசர்" என்று இவர்தான் முதலில் குனிந்தார். கோட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம்தான் கூலிங்கிளாஸ் உத்தரவு. அந்நிய தேசத்து அதிகாரி தமிழில் பேசுவதைப் பிரசங்கியார் தேவகிருபை என்றே எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மைதானத்தில் கூட்டம். 'முடவர் நடக்கிறார்கள்' என்று ஊரெல்லாம் போஸ்டர். உள்ளே விடாவிட்டால் முடவர்கள் உட்கார்ந்தபடியே இருந்துவிடுவார்கள். பிரசங்கியாருக்குப் பதினோராவது தேசம் என்று ஒன்று கிடையாது.

"எதுக்கு வந்தீங்க?"

"இருள்ல இருக்கிற ஜனங்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்திருக்கேன் சார்."

"இங்க கரண்டு போறதே இல்லையே."

"ஆத்துமாவுல இருட்டு சார்" என்று சொல்லி, அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைப் பணிவாக நீட்டினார்.

கோட்டுக்காரர் அதை நிதானமாகப் படித்தார். "கால் விளங்காதவங்க எந்திரிச்சு நடக்கிறாங்கன்னு போட்டிருக்கே, நடக்க வைக்கிறது யாரு?"

"எல்லாம் மேல இருக்கிறவர் சார். நான் வெறும் கருவி."

"கருவிக்கு டாக்டர் லைசென்ஸ் இருக்கா?"

பிரசங்கியார் இன்னொரு நோட்டீஸை நீட்டினார்.

"இந்த நாட்டுச் சட்டம் தெரியாதா? லைசென்ஸ் இல்லாம ஒருத்தரைக் குணமாக்கினா ரெண்டு வருஷம் உள்ள. நீங்க நாப்பது பேர்னு போட்டிருக்கீங்க. எண்பது வருஷம். வயசு என்ன உங்களுக்கு?"

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பிரசங்கியாருக்குச் சட்டைக் காலர் நனைந்தது.

"சார், நாப்பது பேர் இல்லை சார். ஒருத்தன்தான். அந்த ஒருத்தனே நாப்பது ஊர்ல நடந்தான்."

"யாரு அவன்?"

"என் மச்சான் சார். பொண்டாட்டியோட தம்பி. நேத்தே வந்து லாட்ஜ்ல ஊன்றுகோலோட இருக்கான். வேணும்னா அவனைப் பிடிச்சுக்குங்க."

"அவனுக்குக் கால்ல என்ன?"

"ஒண்ணும் இல்லை சார். ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்கினவன்."

"அப்ப நீங்க யாரையுமே குணமாக்கலை?"

"சத்தியமா இல்லை சார்!" பிரசங்கியார் கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை உருக்கமாக அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை. "இந்த இருபது வருஷத்துல ஒரு தலைவலியைக்கூட நான் தீர்த்தது கிடையாது. என் சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க."

"இதையெல்லாம் எழுதிக் குடுங்க."

"தாராளமா சார்."

"பேனா வெச்சிருக்கீங்களா?"

ஒரு பேனா வாங்கித் தரத் துப்பில்லாத அரசாங்கம், இதற்குச் சட்டம் ஒரு கேடு என்று மனசுக்குள் காறித் துப்பிவிட்டு, பிரசங்கியார் தம் தங்கமுலாம் பேனாவை எடுத்தார். நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எழுதினார். மச்சானின் பெயர், வயது, லாட்ஜ் அறை எண், எந்தெந்த ஊரில் எந்தக் கால் என்று ஒன்று விடவில்லை. கையெழுத்துப் போட்டு, பழக்கதோஷத்தில் அதற்குக் கீழே ஒரு வேதவசனமும் போட்டார்.

கோட்டுக்காரர் இரண்டு தரம் படித்துவிட்டு, நாலாக மடித்து உள்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"முத்திரை சார்?" பிரசங்கியார் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"முத்திரைக்கு நான் எங்க போவேன்? ஆபீசர் சாப்பிடப் போயிருக்கார்."

"அப்ப நீங்க?"

"நானும் ஊழியக்காரன்தான் பிரதர். இதே லைசென்ஸ் தகராறுல முந்தாநேத்துலேருந்து இங்கேயே கிடக்கிறேன். இடுப்பு வலி உயிர் போகுது, மெத்தை நாற்காலி இது ஒண்ணுதான்."

பிரசங்கியார் அந்த உள்பையை நோக்கிக் கையை நீட்டினார்.

கோட்டுக்காரர் மேஜைமேல் குனிந்து குரலைத் தணித்தார். "அது கிடக்கட்டும். மச்சான் வெளியாள் நடத்துற கூட்டத்துலயும் நடப்பாரா?"

அந்த அறையில் அன்றைக்கு இவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை கிடையாது. இருவருமே இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.