முதல் பூச்சு

பெயிண்ட் சுருங்க ஆரம்பித்தபோது முதலில் அழுதது அக்காதான்.

சின்னவள் அழவில்லை. கையில் ஸ்ப்ரே டப்பாவோடு மொட்டைமாடியில் மரமாக நின்றாள். அவளுடைய ராக்கெட்டின் வெள்ளைப் பூச்சு, ஆறிய பாலின் ஏடு மாதிரி கண்ணெதிரே சுருண்டு எழும்பியது. கூம்பு மூக்கிலிருந்து வால் இறக்கை வரை ஓர் இடம் மிச்சமில்லை.

"ஐயோ குட்டி! விடிஞ்சா போட்டிடீ!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பார்ப்பதற்கு முழங்கை நீள அட்டைக் குழாய்தான். ஆனால் சின்னவளின் ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. ஜெயித்தால் வெளியூர் விண்வெளிக் கல்லூரியில் இடம். படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் பறக்கவிடுவதற்கு முன்னால் நடுவர்கள் வேலைப்பாட்டைப் பார்ப்பார்கள். அதில் தேறாத ராக்கெட் மைதானத்துக்குள்ளேயே போக முடியாது.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

அக்கா கார் ஷெட்டில் பெயிண்டர். அப்பா அம்மா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் தங்கையை வளர்த்தாள். ராக்கெட் கணக்கெல்லாம் சின்னவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அடிப்பூச்சுக்கு எந்தப் பிரைமர், அதன் மேல் எந்தப் பெயிண்ட் என்பதில்தான் குழம்பினாள். "வீட்டுலயே பெயிண்டரை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் ஏன்டீ கேக்குறே?" என்று அக்காவே இரண்டு டப்பா கொண்டுவந்தாள். சாம்பல் நிறத்தில் எனாமல் பிரைமர் ஒன்று, வெள்ளை லாக்கர் பெயிண்ட் ஒன்று.

"நீயே அடிச்சுக் குடுக்கா" என்று கெஞ்சியதற்கு மட்டும் அவள் மசியவில்லை. "உன் ராக்கெட். உன் கையால அடிச்சாதான் பெருமை."

பிரைமர் அடித்துக் காயவைத்தது, உப்புத்தாளால் தேய்த்தது, தூசி துடைத்தது எல்லாம் அக்கா சொன்னபடியேதான். வெள்ளையை முதலில் பிரைமர் அடித்து வைத்திருந்த மிச்சக் குழாய்த் துண்டில் அடித்துப் பார்க்கலாம் என்று சின்னவள் எடுத்தபோது, அக்கா அதை வாங்கித் தூர வைத்தாள். "டப்பாவுல கொஞ்சம்தான் இருக்கு. வீணாக்காதே, நேரா அடி."

இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அக்கா. "டப்பாவை ரொம்பக் கிட்டப் பிடிச்சுட்டேடீ. இந்த வேலைக்குக் கை சொன்ன பேச்சு கேக்கணும். உனக்கு அது அமையலை. விடு, உன்னைச் சொல்லி என்ன பண்றது? எல்லாருக்கும் கை ஒரே மாதிரி இருக்குமா?"

அந்த ஆறுதல்தான் சின்னவளைச் சுட்டது.

இருட்டும் வரை இரண்டு பேரும் பெயிண்டை உரித்தார்கள். உரிக்க உரிக்க அட்டையும் கூடவே வந்தது. மறுநாள் நடுவர் ராக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, பாம்பு சட்டை உரிச்ச மாதிரி இருக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எவ்வளவு உயரம் போகும் என்று அவர் கேட்கவே இல்லை. மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு, "அடுத்தது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் குழாய், பசை, கத்தி, புத்தகம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டாள். "இந்தக் கையை வச்சுக்கிட்டு எனக்கு ராக்கெட் ஒரு கேடு" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அக்கா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். "எங்க ஷெட்டுல ஆள் கேக்குறாங்க. என்கூடவே வந்துடு. காலையில ஒண்ணா போவோம், சாயங்காலம் ஒண்ணா வருவோம். எனக்கு நீ, உனக்கு நான். வேற யாருடீ இருக்கா நமக்கு?"

இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தபடி சின்னவள் தலையாட்டினாள்.

அடுத்த வாரம் ஷெட்டில் முதல் நாள். அக்கா முகமூடியை மாட்டிக்கொண்டு பெயிண்ட் அறைக்குள் போய்விட்டாள். மேஸ்திரி சின்னவளின் கையில் உப்புத்தாளைக் கொடுத்து, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த ஒரு கார் கதவைக் காட்டினார்.

"புதுசா வந்த ஒருத்தன் பண்ணின கூத்து. மொத்தத்தையும் தேய்ச்சு எடு."

அவள் குனிந்து கதவை விரலால் தடவிப் பார்த்தாள். அதே சுருக்கம். அதே பாலேடு.

"டப்பாவைக் கிட்டப் பிடிச்சதால வந்ததா மேஸ்திரி?"

"சேச்சே! கிட்டப் பிடிச்சா பெயிண்ட் வழியும், சுருங்காது. இது ஒண்ணுக்கொண்ணு சேராத பெயிண்ட். எனாமல் பிரைமர் மேல லாக்கரை அடிச்சா, அது அடிப்பூச்சைக் கரைச்சுத் தூக்கிடும். எப்பேர்ப்பட்ட கைகாரன் அடிச்சாலும் இப்படித்தான் ஆகும்."

சின்னவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். அவற்றின் மேல் பழி இல்லை. மறுகணமே அக்காவை நினைத்து மனசு இளகியது. பாவம், இந்த விஷயம் தெரியாமல் ஆசை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். தெரிந்தால் உடைந்துபோவாள்.

"மேஸ்திரி, இதை எங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்கு இது தெரியாது."

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லா இருக்கே கதை! எங்களுக்கே இதைச் சொல்லிக் குடுத்தது உங்க அக்காதாம்மா."