கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை

காட்டுக்குள் ஒரு சாகசப் பூங்கா. இடுப்பில் துணி வால் கட்டிக் குரங்குகளாகிவிட்ட பிள்ளைகள், வேங்கை மரத்தில் கட்டிய இரும்புக் கயிற்றில் தொங்கிச் சறுக்கி ஓடையைத் தாண்டுவார்கள்.

தினமும் காலையில் காவலாள் செங்கோடன் வந்து கயிற்றை இழுத்துப் பார்ப்பார், துடைத்து எண்ணெய் போடுவார். பிறகு மரத்தில் சாய்ந்து டீ குடிப்பார்.

"பாத்தியா, அவருக்கு என்மேல உசுரு," என்றது கயிறு.

"எனக்குள்ள கரையான் அரிச்சு ஒண்ணுமே மிச்சமில்ல," என்றது வேங்கை. "நான் முனகினா காத்துன்னு நெனச்சுக்கறார். நீ ஒரு சத்தம் போட்டா திரும்பிப் பாப்பார்."

"சத்தம் போட்டா என்னையில்ல கழட்டி எறிவாங்க? சும்மா இரு."

ஞாயிற்றுக்கிழமை அறுபது பிள்ளைகள் வந்தார்கள். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை வேங்கை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. கீழே யாருமில்லை என்று வேங்கை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டது. அதன் பிறகுதான் சாய்ந்தது.

புதன்கிழமை செங்கோடன் பதறி ஓடிவந்தார். விழுந்து கிடந்த மரத்தை ஏறித் தாண்டிப் போய், கயிற்றை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"நல்லவேளை, கயித்துக்கு ஒண்ணும் ஆகல," என்று மூச்சு விட்டவர், அதைப் பக்கத்து மரத்தில் கட்டினார்.