ஒரு கால் கூடிய டம்ளர்

ஆலையில் ஒரே அச்சில் பிறந்த இருபத்துநான்கு எவர்சில்வர் டம்ளர்கள், பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் மெஷின் முன்னால் வரிசையாக நின்றன. வாங்கிய அம்மாளின் பெயர் கோமளி.

"இனிமேல் எனக்கென்று ஒரு பெயர்!" என்று துள்ளியது கடைசி டம்ளர்.

"அட மண்டு, நம் எல்லாருக்கும் அதே பெயர்தான்" என்றது முதல் டம்ளர்.

கடைசி டம்ளர் தன் முறை வந்தபோதும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. மெஷினின் ஊசி சறுக்கி, 'ம'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் கூடுதலாக விழுந்தது. கோமளி, 'கோமாளி' ஆகிவிட்டாள்.

"போச்சு! உன்னை உருக்கத்தான் போகிறார்கள்" என்றது முதல் டம்ளர்.

வீட்டில் கோமளி அதைக் கையில் எடுத்துப் படித்தாள். டம்ளருக்கு மூச்சே நின்றது. அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க!"

கணவர் படித்தார். "மெஷினுக்குக்கூட உன்னைத் தெரிஞ்சிருக்கே! எனக்கு இனிமே கோமாளியிலதான் காபி."

"ஆசையப் பாரு! அது என் பேரு!"

அன்றிலிருந்து தினமும் காலையில் கோமாளிக்குத்தான் அடிதடி. மற்ற இருபத்துமூன்றும் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தன.

ஒருநாள் முதல் டம்ளர் மெல்லக் கூப்பிட்டது: "கோமாளி அண்ணே, அந்த மெஷினைப் பார்த்தா எனக்கும் ஒரு கால் போடச் சொல்லுங்களேன்!"