இன்னொரு ஜோடி

“கடைக்கு வர்றவங்ககிட்ட இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா, அப்புறம் யார் சார் உங்க கடைக்கு வருவாங்க?”

செருப்புக்கடை முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் கேட்டான். அவனைச் சுற்றிலும் திறந்த அட்டைப் பெட்டிகள். காலடியில் மண்டியிட்டிருந்த விற்பனைப் பெண், அவன் கழற்றிப் போட்ட ஷூவைக் கையில் வைத்திருந்தாள்.

ஷூவை மாட்டிவிடச் சொன்னால் தயங்குகிறாள், கேட்டதற்குப் பதில் இல்லை, முகத்தைப் பார்ப்பதே இல்லை என்று அவன் அடுக்கினான். நேற்று வந்தபோதும் இதே கதைதானாம். முன்பெல்லாம் கடைக்காரர்கள் வாசலுக்கே வந்து கூப்பிடுவார்கள், இப்போது நாம்தான் அவர்களைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றும் சொன்னான்.

அதில் பொய்யில்லை என்று முதலாளிக்கே தெரியும். மூலையில் மற்ற இரண்டு விற்பனையாட்களும் செல்போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். யார் எந்த அளவு கேட்டாலும், பார்க்காமலே ‘இல்லை’ என்பார்கள். அவர்களில் ஒருவன் முதலாளியின் மைத்துனன். அவனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் வாங்கப் பழகிவிட்டார்கள்.

இந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் ஏணியில் ஏறி இறங்குவது இவள் ஒருத்திதான். குழந்தைகளுக்கு ஷூ போட்டுவிட்டால், கட்டை விரல் இருக்குமிடத்தை அழுத்திப் பார்த்து, கடிக்கிறதா என்று கேட்காமல் விடமாட்டாள்.

வேறு ஆளைக் காட்டச் சொல்லட்டுமா என்று முதலாளி கேட்டார்.

“வேண்டாம் சார். இந்தப் பொண்ணே காட்டட்டும். இதுக்குத்தானே சம்பளம்?” என்றவன், இன்னொரு ஜோடி கேட்டான்.

அவள் ஏணியில் ஏறி எடுத்துவந்து, மறுபடி மண்டியிட்டு மாட்டிவிட்டாள். காலை நீட்டியபடி அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தவன், காலை ஒரு உதறு உதறினான். ஷூ அவள் மடியில் வந்து விழுந்தது.

“என்னம்மா ஆச்சு உனக்கு? ஏதாவது பேசேன்” என்றார் முதலாளி.

“ஒண்ணுமில்ல சார்.”

மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தரையைப் பார்த்தபடியே கேட்டாள். அவன் சமாதானமாகவில்லை. செல்போனை எடுத்துக் கடையைச் சுற்றிப் படம் பிடித்தான். இவள் இங்கே இருக்கும்வரை தினமும் வருவேன், நடப்பதையெல்லாம் இணையத்தில் போடுவேன் என்றான்.

முதலாளி மூலையைப் பார்த்தார். மைத்துனன் நிமிரக்கூட இல்லை.

“நாளையிலேருந்து நீ வர வேண்டாம்மா.”

அவன் எதுவும் வாங்காமல் எழுந்து போனான். அவள் ஒவ்வொரு ஜோடியையும் அதனதன் பெட்டியில் வைத்து மூடி, அடுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. ஆள் வைத்து நடத்தும் கடையில், ஒழுங்காக வேலை பார்த்த ஒருத்தியையும் அனுப்பியாயிற்று. நான்கு நாள் கழித்து வந்துவிடு என்று சொல்வதற்காகப் பின்னாலேயே போனார்.

தெருமுனையில் அவள் நின்றிருந்தாள். அவளை மறித்தாற்போல் அவன் பைக். இன்னுமா விடவில்லை இவன் என்று கோபமாகக் கிட்டே போனவருக்கு அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

“ஏறுடி. எம் பொண்டாட்டி வேலைக்குப் போக வேண்டாம்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?”