தங்கம் என்று கூப்பிட்ட குரல்

"உங்க குரலை மட்டும் குடுங்கக்கா, பாப்பாவுக்கு டேப்லெட் இலவசம்" என்றான், பள்ளிக்கூடத்துக்கு வந்த விளம்பரக் கம்பெனிக்காரன்.

"எடுத்துக்கோ தம்பி, வீட்டுல திட்டுறதுக்குத்தானே ஆகுது!" என்று சுகிர்தா அன்று சிரித்தாள்.

மூன்று வருடமாக அந்த டேப்லெட், பாடத்துக்கு நடுவே அவள் குரலிலேயே மகள் நிறைமதியைத் "தங்கம்" என்று கொஞ்சி, பிஸ்கட் வாங்கு, செருப்பு வாங்கு என்று ஆசை காட்டியது.

இன்று நிறைமதிக்குப் பிறந்தநாள். பருத்திக் காட்டிலிருந்து சீக்கிரமே வந்து பணியாரம் சுட்ட சுகிர்தா, "தங்கம், பணியாரம் சாப்பிட வாடி" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள்.

"அது எந்தக் கம்பெனிம்மா?" டேப்லெட்டிலிருந்து தலை நிமிராமல் மகள் கேட்டாள். கேலியாகக்கூட இல்லை.

தானே கொடுத்த குரல் என்பதால் இத்தனை நாள் கேட்கத் துணியாததை, சுகிர்தா கேட்டுவிட்டாள்.

"நான் எதையும் விக்க வரலடி. ஒரே ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்துப் பேசுடி."