அவிழ்க்காத மூட்டை

போன கார்த்திகையில், அகலுக்குத் திரி போட்டுக்கொண்டே இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் என் சின்ன மருமகள் தேன்மொழி.

ஒரு வீட்டில், டிவிக்குப் பாட்டும் படமும் தருகிற சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதை இயக்குகிற பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போடப்போக, வேலை பாதியில் நின்றுவிட்டது. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் எழுந்திருக்காவிட்டால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

லேப்டாப்பிலிருந்து புது சிஸ்டத்தைச் சுமந்து வந்த பென் டிரைவுக்கு ரோஷம். "கொடுத்ததைக் குந்துமணி குறையாமல் கொண்டுவந்திருக்கிறேன் அண்ணே. உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு, வாங்கிக்கத் தெம்பில்லை."

"தெம்பெல்லாம் இருக்கு தம்பி" என்றது பெட்டி, கொஞ்சமும் அசராமல். "கையை நீட்டினால் ஒரு மூட்டைதான் தட்டுப்படுது. உள்ளே இருக்கிறது எதுவும் கைக்கு வரலையே?"

சோபாவில் கிடந்த ரிமோட் தலையைத் தூக்கியது. "ஏண்டா, மூட்டையை அவிழ்த்தியா?"

"அவிழ்க்கிறதா? கட்டினது கட்டினபடி கொண்டுவர்றதுதானே அக்கா மரியாதை?"

"நல்லா இருக்குடா! பசிச்சவர் முன்னாடி கட்டுச்சோற்றை அவிழ்க்காமலே வெச்சுட்டு, சாப்பிடலைன்னு கோவிச்சுக்கிறியா?"

பென் டிரைவ் லேப்டாப்பிடம் திரும்பிப் போய், ஜிப் ஃபைலாகச் சுருக்கிக் கட்டியிருந்த அந்த மூட்டையை அவிழ்த்துக்கொண்டு வந்தது. பெட்டி ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. வட்டம் நின்றது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முருகன் பாட்டு கணீரென்று ஒலித்தது.

"யாருக்குத் தம்பி வயசாயிடுச்சு?" என்றது பெட்டி.

நம் வீட்டிலும் விளக்கு வைக்கிற நேரம்தான். டிவியில் ஓடுகிற முருகன் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வை கண்ணு, அடுப்படிக்கும் கேட்கட்டும்.